மிச்சிகன் வேவு விவகாரமும் ‘மீடியா சதி’யும்: செய்தி யார் கையிலிருந்து வந்தது?

கேள்வி இது: “அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி மேல் விதிமீறல் விசாரணை என்று செய்தி வந்தவுடன், அந்த அணியின் ரசிகர்கள் ‘மீடியா எங்களைக் குறிவைக்கிறது’ என்கிறார்கள். எதிரணி ரசிகர்கள் ‘மீடியா மூடி மறைக்கிறது’ என்கிறார்கள். இரண்டு பேரும் படிப்பது ஒரே செய்திதானே? உண்மையில் பாரபட்சம் உண்டா, இல்லையா?”

உண்டு. ஆனால் ரசிகர்கள் கை நீட்டும் இடத்தில் அது அபூர்வமாகத்தான் இருக்கிறது. செய்தியாளர் எந்த அணியின் ஆள் என்று தோண்டுவதை விட்டுவிட்டு, அந்தச் செய்தியை அவரிடம் கொடுத்தது யார், அந்த நேரத்தில் ஏன் கொடுத்தார் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த ஆட்டத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எனக்கென்று அணி கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம் ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதும் ஆட்டம். ‘கல்லூரி அணி’ என்றதும் கல்லூரி மைதானத்தில் நானூறு பேர் நின்று பார்ப்பதை நினைக்க வேண்டாம். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, ஃபுட்பால் பயிற்சியாளருக்குத்தான். பட்டம் வாங்கி முப்பது வருடம் ஆனவரும் சனிக்கிழமை ஆனால் தன் கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொள்வார். விசாரணை என்றால் அது அவருக்குத் தன் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்பதைப் போல.

சரி, விசாரிப்பது யார்? என்சிஏஏ. 1906-இல் தொடங்கிய, இண்டியானாபொலிஸில் தலைமையகம் உள்ள அமைப்பு. இது அரசு அமைப்பு அல்ல, கல்லூரிகள் தாங்களே சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். இதற்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் இல்லை. கல்லூரி ஊழியரும் வீரரும் ஒத்துழைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வெளியாள் ஒருவர் ‘பேச மாட்டேன்’ என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். அப்புறம், நடந்துகொண்டிருக்கும் விசாரணை பற்றி என்சிஏஏ வாய் திறக்காது. குற்றச்சாட்டு அறிவிக்கை போய், பதில் வந்து, விதிமீறல் குழு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதற்குள் இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு வருடம் ஓடிவிடும். அத்தனை காலமும் அதிகாரபூர்வமாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தை நிரப்புவது கசிவுதான். கசியவிடுபவர் எல்லோருக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும்.

இதை மிச்சிகன் விவகாரத்தில் வைத்துப் பார்ப்போம். 2023 அக்டோபர் 19 அன்று யாஹூ ஸ்போர்ட்ஸ் முதல் செய்தியைப் போட்டது: எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக மிச்சிகன் மேல் என்சிஏஏ விசாரணை. அடுத்த நாளே இஎஸ்பிஎன், கானர் ஸ்டாலியன்ஸ் என்ற ஊழியரின் பெயரை வெளியிட்டது. கடற்படைக் கல்லூரியில் படித்து மரைன் படையில் இருந்தவர். சில நாளில் அடுத்த செய்தி: மூன்று வருடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு, மிச்சிகனும் ஆடும் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் பதினொரு பல்கலைக்கழக மைதானங்களில், அவர் பெயரில் டிக்கெட் வாங்கப்பட்டிருக்கிறது. நவம்பர் 3 அன்று அவர் வேலையை விட்டார். நவம்பர் 10 அன்று, அணி பென் ஸ்டேட் ஆட்டத்துக்காகப் பயணத்தில் இருக்கும்போது, தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டம் தடை என்று பிக் டென் அறிவித்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பெரும்பாலான தலைப்புகள் விழுங்கிவிட்டன. ஓரத்தில் நின்று பயிற்சியாளர்கள் காட்டும் சைகையை, ஆட்டத்தின்போது கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது குற்றமே இல்லை. எல்லா அணியும் செய்கிறது. அதில் கெட்டிக்காரர்களுக்கு நல்ல கிராக்கியும் உண்டு. தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் தவறில்லை. அந்த சீசனில் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி நேரில் வேவு பார்ப்பதுதான் தடை. அந்தத் தடை 1994-இல் வந்தது, அதுவும் நேர்மையைக் காப்பாற்ற அல்ல, செலவைக் குறைக்க: பணக்காரக் கல்லூரி ஊர் ஊராக ஆள் அனுப்பும், சின்னக் கல்லூரியால் முடியாது என்ற கவலையில். ‘சைகைத் திருட்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டபோது, திருடியதே குற்றம் என்று படிப்பவருக்குத் தோன்றியது. ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று மிச்சிகன் ரசிகர் சொன்னபோது, அவரும் அதே தலைப்பின் ஓட்டையில்தான் புகுந்து வெளியே வந்தார். தடை செய்யப்பட்டதை எல்லாரும் செய்யவில்லை. தலைப்பு சொன்னதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள்.

இதற்குச் சில மாதம் முன்பு இன்னொரு வேடிக்கை நடந்தது. அதே ஹார்பா மேல் வேறொரு விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில், மாணவர்களை அணியில் சேர்க்க நேரில் சந்திக்கக் கூடாது என்ற தடை இருந்தபோது, அவர் சந்தித்தார் என்பது விஷயம். அந்தச் சந்திப்பில் ஒரு பர்கர் வாங்கிக் கொடுத்ததாகச் செய்தி கசிந்தது. அவ்வளவுதான், ஊர் முழுக்க அது ‘சீஸ்பர்கர் கேஸ்’ ஆகிவிட்டது. ஒரு பர்கருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ரசிகர்கள் சிரித்தார்கள். விசாரணை பற்றிப் பேசவே பேசாத என்சிஏஏ, 2023 ஆகஸ்டில் பொறுக்க மாட்டாமல், இது தடைக்கால ஆள்சேர்ப்பு பற்றியது, சீஸ்பர்கர் பற்றியது அல்ல என்று அறிக்கையே விட்டது. அந்தப் பர்கர் கதையால் லாபம் யாருக்கு என்று யோசித்தால், அதை ஊரெல்லாம் பரப்பிவிட எந்தப் பக்கத்துக்கு ஆசை இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். அன்றைக்கு ‘மீடியா எங்களுக்கு எதிரி’ என்று எந்த மிச்சிகன் ரசிகரும் புலம்பவில்லை.

வேவு விவகாரத்துக்கு வருவோம். அக்டோபர் 25 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி போட்டது: என்சிஏஏவிடம் ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு தனியார் துப்பறியும் நிறுவனம். அதை அமர்த்தியது யார் என்று செய்தியில் இல்லை. மிச்சிகன் ரசிகர்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும். அன்றிலிருந்து அவர்கள் பேச்சு முழுக்க ‘யார் காசு கொடுத்தது?’ என்பதுதான், இயல்பாகவே எல்லா விரலும் பரம எதிரி அணியான ஒஹாயோ ஸ்டேட் திசையில் நீண்டது. இன்னொரு வாதமும் வலுவாக எழுந்தது. தங்கள் சைகைகளை மற்ற பிக் டென் அணிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதற்கான ஆவணங்களை மிச்சிகன் அந்த நவம்பரில் கூட்டமைப்பிடம் கொடுத்தது; அதை அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டது. ‘இது ஏன் முதல் பக்கத்தில் வரவில்லை?’ என்று கேட்டார்கள். காரணம் சப்பையானது: பகிர்ந்துகொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. விதி மீறாத செயல் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அது விசாரணைச் செய்தி ஆகாது.

மறுபக்க ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? பழைய ஆட்டங்களின் காணொளிகளைக் காட்சி காட்சியாகத் தோண்டினார்கள். செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடிய சென்ட்ரல் மிச்சிகன் அணியின் (பெயர் ஒத்திருந்தாலும் இரண்டுமே வேறு பல்கலைக்கழகங்கள்) ஓரத்தில், அந்த அணியின் உடையில், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்டாலியன்ஸ் சாயலில் ஒருவர் நிற்கும் படம் சுற்றத் தொடங்கியது. செய்தி நிறுவனங்கள் அதற்குப் பின்னால் ஓடின. சென்ட்ரல் மிச்சிகனும் விசாரிக்க வேண்டிவந்தது.

மிச்சிகன் அந்த சீசனில் 15 ஆட்டமும் ஜெயித்து, 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியது. ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்ட் 15. மூன்று சீசன்களில் 13 எதிரணிகளின் 52 ஆட்டங்களுக்கு ஆள் போயிருக்கிறது என்றது குழு. மொத்த அபராதம் இரண்டு கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். நான்கு வருடக் கண்காணிப்பு. ஹார்பாவைக் கல்லூரி ஆட்டத்திலிருந்து கிட்டத்தட்டப் பத்து வருடம் விலக்கிவைக்கும் கட்டுப்பாடு. ஸ்டாலியன்ஸுக்கு எட்டு வருடம். ஆனால் சீசன் முடிவில் ஆடும் பௌல் ஆட்டங்களுக்குத் தடை இல்லை, வெற்றிகளும் பறிபோகவில்லை. தடை விதிக்கத் தகுந்த வழக்குதான், ஆனால் இப்போது ஆடும் பிள்ளைகளைத் தண்டிப்பது நியாயமில்லை என்று குழுவே எழுதியது. மிச்சிகன் ரசிகர் ‘கோப்பை எங்களிடம்தானே இருக்கிறது, இத்தனை சத்தம் எதற்கு?’ என்றார். ஒஹாயோ ஸ்டேட் ரசிகர் ‘இத்தனை நிரூபணமாகியும் காசோடு விட்டுவிட்டார்கள்’ என்றார். தீர்ப்பு வந்ததால் யாரும் பழைய பேச்சை மாற்றிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

செய்தியாளர் செய்தியாளராக நடந்துகொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு டாலஸ் நகரத்துக் கதையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்எம்யூ, வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து மாட்டி ஏற்கெனவே தண்டனையில் இருந்தது. 1986 நவம்பர் 12 அன்று டபிள்யூஎஃப்ஏஏ என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி, டேவிட் ஸ்டான்லி என்ற முன்னாள் வீரரின் பேட்டியை ஒளிபரப்பியது. தண்டனைக்குப் பிறகும் தனக்குப் பணம் வந்தது என்றார் அவர். அதோடு நிற்கவில்லை. டேல் ஹான்சன் என்ற செய்தியாளர், ஸ்டான்லி வீட்டுக்குப் போன ஒரு கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் கேமரா முன்னால் ‘இது உங்கள் கையெழுத்தா?’ என்று கேட்டார். அவர் முதலில் ஒப்புக்கொண்டார், பிறகு தடுமாறினார். ‘நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ எல்லாம் கிடையாது. பெயர் சொல்லிப் பேசும் ஆள், ஓர் உறை, அஞ்சல் முத்திரை.

1987 பிப்ரவரியில் என்சிஏஏ அந்த வருட ஃபுட்பால் சீசனையே ரத்து செய்தது. ‘மரண தண்டனை’ என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். பதின்மூன்று வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் போயிருந்தது. 1988 சீசனைப் பல்கலைக்கழகம் தானே கைவிட்டது. பணம் தொடர்ந்து போனது தனக்குத் தெரியும் என்று பிறகு ஒப்புக்கொண்டவர் பில் கிளெமண்ட்ஸ். பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவராக இருந்து, அதற்குள் டெக்சாஸ் ஆளுநராகியிருந்தவர். எஸ்எம்யூ அடுத்த பௌல் ஆட்டத்தில் கால் வைக்க 2009 ஆனது. அப்போதும் எஸ்எம்யூ ரசிகர்கள் சொன்னது இதைத்தான்: டெக்சாஸில் எல்லாரும் கொடுத்தார்கள், எங்களை மட்டும் பிடித்தார்கள். அதில் உண்மையும் இருந்தது. அதே கூட்டமைப்பின் பல கல்லூரிகள் அந்தக் காலத்தில் தண்டனை வாங்கியவைதான். ஆனால் உறை எஸ்எம்யூவுடையது.

இதற்கு நேர் எதிர்க் கதை மிசிசிப்பியில். 2016 ஜனவரி இறுதியில், ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு என்சிஏஏவின் குற்றச்சாட்டு அறிவிக்கை வந்த செய்தி வெளியானது. பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்து கையெழுத்திடும் நாளுக்குச் சில நாள்தான் இருந்தது. அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. உடனே பல செய்தியாளர்கள், அவரவர் ‘வட்டாரங்களை’ மேற்கோள் காட்டி ஒரே மாதிரி எழுதினார்கள்: ஃபுட்பாலில் பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பதும் பழைய பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் காலத்துச் சங்கதி, மற்றது தடகளமும் மகளிர் கூடைப்பந்தும். மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். மே மாதம் அறிவிக்கை பொதுவில் வந்தபோது பார்த்தால், ஃபுட்பால் குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி அப்போதைய பயிற்சியாளர் ஹியூ ஃப்ரீஸின் காலத்தவை.

நட் சும்மா விடவில்லை. 2017 ஜூலையில் வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர், அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், ஃப்ரீஸின் அலுவலகத் தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். இதில் போட்டி அணியான மிசிசிப்பி ஸ்டேட்டைப் பற்றி எழுதும் ஒருவரும் கைகொடுத்தார். அந்த ஜனவரி இறுதியில் எந்தெந்தச் செய்தியாளருக்கு அழைப்பு போனது என்று பட்டியலாகவே வந்துவிட்டது. வட்டாரம் யார் என்று தெரிந்துவிட்டது! தனிப்பட்ட அழைப்புகளை மறைத்துவிட்டுத்தான் அந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றை மறைக்கத் தவறியிருந்தார்கள். எஸ்கார்ட் சேவையோடு தொடர்புள்ள எண் அது. ஜூலை 20 அன்று ஃப்ரீஸ் பதவி விலகினார். அக்டோபரில் பல்கலைக்கழகம் நட்டிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு வழக்கை முடித்தது. டிசம்பரில் என்சிஏஏ, அவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட ஒரு வருட பௌல் தடையோடு இன்னொரு வருடம் சேர்த்தது.

மிசிசிப்பிக் கதையை நான் அடிக்கடி எடுப்பதற்குக் காரணம், அந்தச் செய்தியாளர்கள் யாரும் ஓல் மிஸ் ரசிகர்கள் என்பதால் அப்படி எழுதவில்லை. தினமும் பேச வேண்டிய பயிற்சியாளர் கூப்பிட்டு ரகசியமாக ஒன்று சொன்னார், எழுதிவிட்டார்கள். நாளைக்கும் அவர் போனை எடுக்க வேண்டுமே! ரசிகர்கள் இதைச் ‘சொம்பு தூக்குவது’ என்பார்கள். நான் இதைத் தொழிலின் கோணல் என்பேன். ஓர் அணியையே நாள்தோறும் பின்தொடர்ந்து எழுதுபவருக்கு, உள்ளே போக அனுமதி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. அதனால்தான் பெரிய விசாரணைச் செய்திகள் அணியை அன்றாடம் எழுதுபவரிடமிருந்து வராமல், வெளியிலிருந்து திடீரென்று வந்து இறங்குபவரிடமிருந்து வருகின்றன. இறங்கியவரைப் பார்த்து ‘இவனுக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்?’ என்று ரசிகர் கேட்பதும் அதனால்தான்.

ரசிகர்களே நிருபர்களைவிட முந்திக்கொண்ட சம்பவமும் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் விசாரணை நடந்த 2011-இல், நீக்கப்பட்ட ஒரு வீரர் தன்னைத் திரும்பச் சேர்க்கக் கோரி வழக்குப் போட்டார். அவர் எழுதிய பாடக் கட்டுரை ஒன்று நீதிமன்ற ஆவணமாகச் சேர்ந்தது. பக்கத்து ஊரான ராலேயில் இருக்கும் போட்டிக் கல்லூரி என்சி ஸ்டேட்டின் ரசிகர்கள் அதை எடுத்து வரிவரியாகத் தேடி, பெரும்பகுதி வேறிடத்திலிருந்து அப்படியே நகல் எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என்சிஏஏவும் கவனிக்கவில்லை, பல்கலைக்கழகமும் கவனிக்கவில்லை. அதற்குப் பின் ராலேயின் நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழில் டேன் கேன் வருடக்கணக்கில் எழுதினார். வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரை கொடுத்தால் மதிப்பெண் கிடைக்கும் போலிப் பாடங்கள் பதினெட்டு வருடமாக, 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நடந்தன என்று பல்கலைக்கழகம் அமர்த்திய விசாரணையே 2014-இல் சொன்னது. வட கரோலினா ரசிகர்களுக்கோ அது ‘என்சி ஸ்டேட் ஊர்ப் பேப்பர்’. ஊர் அதுதான், சந்தேகமில்லை. எழுதியதும் உண்மை.

முடிவு? 2017 அக்டோபரில் என்சிஏஏ கையை விரித்தது. அந்த வகுப்புகளை விளையாடாத மாணவர்களும் எடுத்திருந்ததால், இது விளையாட்டு வீரருக்கான தனிச் சலுகை என்று நிறுவ முடியாது என்றது. மற்ற எல்லா அணி ரசிகர்களும் இன்றுவரை மறக்காத தீர்ப்பு அது. ‘மாமியார் உடைத்தால் மண்குடம்’ என்பதை அவர்கள் அவர்கள் பாணியில் சொல்வார்கள். லாஸ் வேகஸின் யூஎன்எல்வி பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி டார்கேனியன், பெரிய கல்லூரியான கென்டக்கி மேல் என்சிஏஏவுக்கு வந்த கோபத்தில் சின்னக் கல்லூரியான கிளீவ்லண்ட் ஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் தண்டனை கூட்டுவார்கள் என்று சொன்ன நக்கல், இந்த விவாதங்களில் வாரம் ஒரு தடவையாவது தலை காட்டும்.

கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும்: மிசிசிப்பியில் தொலைபேசிப் பட்டியல் கிடைத்ததும், வட கரோலினாவில் நாளிதழ்கள் வழக்குப் போட்டு, வீரர்களின் பார்க்கிங் அபராதச் சீட்டு வரைக்கும் ஆவணங்கள் வாங்கியதும், அவை அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால். மாநிலங்களின் தகவல் உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். தனியார் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. நோட்டர் டேம், மயாமி, தென் கலிபோர்னியா, எஸ்எம்யூ எல்லாம் தனியார். அங்கே உள்ளாள் யாராவது வாய் திறந்தால்தான் உண்டு. ‘எங்கள் கல்லூரி பற்றி மட்டும் தினமும் செய்தி, அவர்கள் பற்றி ஒன்றுமே இல்லை’ என்று அரசுக் கல்லூரி ரசிகர் குமுறும்போது, அவர் சொல்வது எண்ணிக்கையில் சரியாகவே இருக்கலாம். எழுதுபவரின் மனசில் வஞ்சம் தேட வேண்டியதில்லை. ஒரு கதவுக்குச் சாவி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

தொலைக்காட்சிப் பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தச் சந்தேகத்தை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். தெற்கத்திய எஸ்இசி கூட்டமைப்பின் ஆட்டங்கள் இஎஸ்பிஎன் கையில். எஸ்இசி பெயரிலேயே 2014 முதல் தனி அலைவரிசையும் நடத்துகிறது. பிக் டென் அலைவரிசையில் பெரும்பங்கு ஃபாக்ஸுடையது. 2022-இல் பிக் டென் போட்ட புது ஒப்பந்தத்தில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி சேர்ந்தன, இஎஸ்பிஎன் வெளியேறியது. அதாவது, பல பத்தாண்டுகளில் பிக் டென் ஆட்டம் இஎஸ்பிஎன்னுக்கு இல்லாத முதல் சீசன் 2023. அதே சீசனில் மிச்சிகன் விவகாரம்! மிச்சிகன் ரசிகர் இதை விடுவாரா? ஆனால் முதல் செய்தி வந்தது யாஹூவில்; அவர்களிடம் எந்தக் கூட்டமைப்பின் ஒளிபரப்பு உரிமையும் இல்லை. 2010-இல் ஆபர்ன் அணியின் நட்சத்திரம் கேம் நியூட்டனின் தந்தை வேறொரு கல்லூரியிடம் பணம் கேட்டார் என்ற செய்தியை உடைத்தது இஎஸ்பிஎன். ஆபர்ன் எஸ்இசி அணி. என் கணிப்பில், பணத்தின் கை விசாரணை நிருபரின் மேஜை வரை நீள்வது குறைவு. அரட்டை நிகழ்ச்சிகளில்தான் அது ஆடுகிறது: எந்தச் செய்தியை எத்தனை நாள் மெல்லுவது, எதை இரண்டு நிமிடத்தில் கடப்பது என்பதில். ரசிகர்கள் பார்ப்பது அந்த மெல்லுதலைத்தான், திட்டுவது நிருபரை.

நியூட்டன் விவகாரத்தில் இன்னொரு கோணல் தெரிந்தது. குற்றச்சாட்டு வெடித்தபோது நாடு முழுக்கத் தலைப்பு. மகனுக்குத் தெரியாது என்று என்சிஏஏ விளையாட அனுமதித்தது. அவர் வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் தேசியக் கோப்பையும் வாங்கினார். பதின்மூன்று மாத விசாரணைக்குப் பின் பெரிய விதிமீறல் எதுவும் நிரூபணமாகவில்லை என்று 2011 அக்டோபரில் விசாரணையை மூடினார்கள். அந்த முடிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது? நீங்கள் எந்த ரசிகரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பணம் கேட்ட கதை தெரியும், மூடிய கதை தெரியாது. ஊடகம் மேல் ரசிகர்கள் வைக்கும் புகார்களில் எனக்கு முழுச் சம்மதம் உள்ளது இது ஒன்றுதான்.

விசாரிப்பவர்களே தடம் புரண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஆகஸ்டில் யாஹூ, மயாமி பல்கலைக்கழகத்தின் பணக்கார ஆதரவாளர் நெவின் ஷபிரோ பற்றி எழுதியது. 93 கோடி டாலர் மோசடியில் சிறையில் இருந்த அவர், பல வருடமாக எழுபத்திரண்டு வீரர்களுக்குச் சலுகைகள் வாரிக் கொடுத்ததாகச் சொன்னார். சம்மன் அதிகாரம் இல்லாத என்சிஏஏ, ஷபிரோவின் வழக்கறிஞருக்கே பணம் கொடுத்து, திவால் வழக்கின் சாக்கில் சாட்சிகளைக் கேள்வி கேட்க வைத்தது. 2013 ஜனவரியில் அதை என்சிஏஏ தலைவரே வெளியே சொல்ல வேண்டிவந்தது. அமலாக்கப் பிரிவின் தலைவர் வேலை இழந்தார். செய்தி பெரும்பாலும் உண்மையாகவே நின்றது, விசாரணைதான் நொண்டியானது. மயாமி ரசிகர்களுக்கு அதுவே வாழ்நாள் ஆயுதம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன்: தவறு என்பதே நடுவில் மாறிவிட்டது. தென் கலிபோர்னியாவின் ரெஜி புஷ், குடும்பத்துக்கு வெளியாட்களிடம் வீடும் பணமும் வாங்கினார் என்று 2006-இல் யாஹூ எழுதியது. 2010-இல் அந்த அணிக்கு இரண்டு வருட பௌல் தடை, முப்பது உதவித்தொகை இடங்கள் வெட்டு. புஷ் தன் ஹைஸ்மன் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரியே வீரர்களுக்கு வருடம் சுமார் இரண்டு கோடி டாலர் வரை பங்கு கொடுக்கலாம். புஷ்ஷிடம் 2024 ஏப்ரலில் கோப்பை திரும்ப வந்தது. அன்று எழுதியது பொய்யா? இல்லை. ஆனால் அன்று அதைக் குற்றமாகப் படித்த அதே ஆள், இன்று அதைச் சம்பளமாகப் படிக்கிறார்.

அதனால், அடுத்த விசாரணைச் செய்தி வரும்போது நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். ஆவணம் ஏதாவது காட்டுகிறார்களா, இல்லை ‘வட்டாரம்’ மட்டும்தானா? மீறியதாகச் சொல்லும் விதி எது என்று எழுதியிருக்கிறார்களா? கையெழுத்து நாளுக்கு முன்னாலா, பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரமா, எப்போது வந்தது? அந்தச் செய்தியால் மறுநாள் காலை சிரித்த முகத்தோடு எழுந்தவர் யார்? எழுதியவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதை நான் பார்ப்பதில்லை. ரசிகர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சைகைச் சண்டை மட்டும் இனி வராது என்று நினைக்கிறேன். 2024 சீசன் முதல் மேல்மட்டக் கல்லூரி அணிகளில் தலா ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. பயிற்சியாளர் நேராகக் காதில் சொல்லிவிடலாம். தொழில்முறை லீகில் அது 1994-லேயே வந்துவிட்டது. கல்லூரிகள் செலவை மிச்சம் பிடிக்க வேவுத் தடையைக் கொண்டுவந்த அதே வருடம்.